மரை பெரிதானது, சுவர் மெலிந்தது: தென்னை நார்க்கழிவு பிரஸ் சிலிண்டர் வெடித்த நிகழ்வு ஆய்வு

பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் வட்டாரங்களில் ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி போடும் ஹைட்ராலிக் பிரஸ் இல்லாத களத்தைப் பார்ப்பது கடினம். கழுவி, களத்தில் காயவைத்த நார்க்கழிவை (பித்) முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர் பெட்டியில் கொட்டி, மேலிருந்து ஒரே அமுக்காக அமுக்குவார்கள். கட்டி வெளியே வரும், அடுத்த பெட்டி நிரம்பும். இந்த ஆய்வில் வரும் பிரஸ் பொள்ளாச்சிக்குக் கிழக்கே ஒரு களத்தில் ஓடியது. எட்டு மணி நேர ஷிப்டில் சுமார் 600 கட்டி போட்டது. அதாவது, சிலிண்டர் ஒரு நாளில் 600 முறை முழு அழுத்தத்துக்கு ஏறி இறங்கியது.

ஆறு வருடம் பிசகில்லாமல் ஓடிய சிலிண்டர் அது. ரிப்பேர் செய்த ஐந்தாம் மாதம் பின்மூடிப் பக்கம் விரிசல் விட்டது. மூடி பறந்து போகவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. எண்ணெய் பீய்ச்சி அடித்ததோடு நின்றது. நூறு டன் சுமை தாங்கும் மூடி முழுதாகக் கழன்றிருந்தால் மேலே இருந்த தகரக் கூரை அதைத் தடுத்திருக்காது. அதனால்தான் இதை எண்களோடு எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

சிலிண்டரின் அமைப்பு

உள்விட்டம் 200 மி.மீ., வெளிவிட்டம் 245 மி.மீ., சுவர் 22.5 மி.மீ. எஸ்.டி. 52 ரக எஃகில் மூட்டில்லாத (சீம்லெஸ்) குழாய், உள்ளே ஹோனிங் செய்தது (கல்லால் தேய்த்து வழவழப்பாக்கியது). ராடு (பிஸ்டன் தண்டு) வரும் முன்பக்கத்தில் ஃபிளேஞ்ச் என்னும் அகன்ற விளிம்பு வளையம். அது பிரஸின் மேல் பலகைக்கு அடியில் முட்டி நிற்க, குழாய் பலகைத் துளை வழியாக மேலே போகிறது. பின்பக்கம் ஈ.என். 8 ரக எஃகு உருட்டுக் கம்பியில் கடைந்த மூடி. அது குழாயின் உட்புறத்தில் எம் 210 × 3 மரையில் (விட்டம் 210 மி.மீ., பிட்ச் அதாவது பல்லுக்குப் பல் இடைவெளி 3 மி.மீ.) 60 மி.மீ. நீளத்துக்கு ஏறி உட்காரும். மரையைத் தாண்டி மூடிக்கு ஒரு மூக்கு உண்டு. அந்த மூக்கு 200 மி.மீ. போருக்குள் (குழாயின் உட்துளை) நுழைந்து, ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையமும் அதைத் தாங்கும் பேக்கப் ரிங்குமாக எண்ணெயை அங்கேயே தடுத்துவிடும். வேலை அழுத்தம் 250 பார். பட்டறையில் 250 கிலோ என்பார்கள், நடைமுறைக்கு இரண்டும் ஒன்றுதான்.

200 மி.மீ. போரின் பரப்பு 31,416 சதுர மி.மீ. 250 பார் என்றால் ஒரு சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன். பெருக்கினால் 785 கிலோநியூட்டன், ஏறத்தாழ 80 டன். கட்டியைக் கீழே அமுக்கும் அதே 80 டன் மூடியை மேலே தள்ளுகிறது. மூடியிலிருந்து மரைக்கும், மரையிலிருந்து குழாய்ச் சுவருக்கும், சுவர் வழியாக ஃபிளேஞ்சுக்கும் அந்தச் சுமை இறங்குகிறது.

இங்கே மூக்கு ஓ-ரிங்கின் இடம் முக்கியம். எண்ணெய் மரைக்கு முன்னாலேயே நின்றுவிடுவதால், மரை வெட்டி மெலிந்த பகுதியில் எண்ணெய் அழுத்தமே கிடையாது. அங்கே இருப்பது இழுவிசையும், மரையின் சரிவால் வரும் பக்கத் தள்ளலும் மட்டும்.

ரிப்பேரில் என்ன நடந்தது

மூக்கு ஓ-ரிங் தேய்ந்து, மூடி விளிம்பில் எண்ணெய் கசிந்தது. மூடியைக் கழற்றினார்கள். ஆறு வருடமாகக் காய்ந்து கிடந்த மரை. செயின் ஸ்பானர் போட்டுச் சம்மட்டியால் தட்டியதில், வாய்ப்பக்கம் மூன்று சுற்று மரை இழுத்துப் பிடித்துப் பிய்ந்தது. ஏறக்குறைய ஒரே கடினமுள்ள இரண்டு எஃகு, நடுவில் கிரீஸ் இல்லை, மேலே பெரும் சுமை. இப்படி இருந்தால் மரை ஒட்டிக்கொள்வது இயல்பு. மூக்கு உட்காரும் இடத்திலும் கீறல் விழுந்திருந்தது.

வேலை ஒரு லேத் பட்டறைக்குப் போனது. அங்கே கெட்ட மரையை முழுதாகப் போரிங் செய்து நீக்கி, எம் 225 × 6 என்று புது மரை வெட்டி, அதற்குப் புது மூடி கடைந்தார்கள். கீறல் விழுந்த இடத்தை ஹோனிங் செய்வது சிரமம் என்று மூக்கை விட்டுவிட்டார்கள். ஓ-ரிங்கைக் குழாயின் வாய்ச் சரிவில், மூடியின் விளிம்புக்கு அடியில் வைத்தார்கள். கொடுக்கும்போது சொன்னது: “பெரிய மரையாப் போட்டுட்டமுங்க, பிட்சும் டபுள். இனி அசையாதுங்க.”

இதை நம்பிச் சொன்னதுதான், ஏமாற்ற அல்ல. கோவைப் பட்டறைக்காரர்களின் கை, பம்ப் செட்டில் பழகியது. ஆயிரம் அடி போர்வெல்லில் மோட்டார் தள்ளும் தண்ணீருக்கே அழுத்தம் 30 பார்தான். அந்த அழுத்தத்தில் மரை பெரிதாக, தடிமனாக இருந்தால் துருவுக்கும் தேய்மானத்துக்கும் நல்லது, சுவர் குறைவதால் ஒன்றும் ஆகாது. அதே பழக்கம் எட்டு மடங்கு அழுத்தத்துக்கு வரும்போதுதான் தவறுகிறது.

வெட்டிப் பார்த்தபோது

மூடிப் பக்கம் 120 மி.மீ. வளையமாக அறுத்து, விரிசலைத் திறந்து, மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தோம். விரிசல் குழாயின் நீளவாக்கில் இல்லை, சுற்றுவாக்கில் ஓடியிருந்தது. மொத்தச் சுற்று 770 மி.மீ., விரிசல் 260 மி.மீ. மூன்றில் ஒரு பங்கு. முறிவு முகத்தில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகளைப் போல வளைவுகள். ஒவ்வொரு வளைவும் ஒரே இடத்தை நோக்கியே குவிந்தது. அந்த இடம், உட்பக்கக் கடைசி மரையை ஒட்டிய அண்டர்கட்டின் (மரை முடியும் இடத்தில் வெட்டும் பள்ளம்) மூலை. அறுக்கும் டூலால் நேராக இறக்கிய அண்டர்கட், மூலையில் வளைவே இல்லை. விரல் நகத்தை வைத்தால் மாட்டியது. வெளிப்பரப்பை எட்டிய இடத்தில் மட்டும் முகம் சொரசொரப்பாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. அதுதான் கடைசியில் கிழிந்த பகுதி. மற்றதெல்லாம் நாளுக்கு 600 முறை வீதம் மெல்ல மெல்ல வளர்ந்தது. ஐந்து மாதத்தில் சுமார் 78,000 அழுத்தம். பழைய மரை தாங்கியது பத்து லட்சத்துக்கு மேல்.

மரையில் ஒரு பல்கூட மழுங்கவில்லை, சாயவில்லை. ‘மரை பலமாக இருக்க வேண்டும்’ என்ற கவலைக்கு இதுவே பதில்.

கணக்கு

முதலில் மரைப் பல்லைப் பார்க்கலாம். பல் அடியோடு வெட்டுப்படுமா என்பதற்குப் பட்டறையில் போடும் பாதுகாப்பான கணக்கு: மரைச் சுற்றளவு × பிடிப்பு நீளம் × பாதி. பழைய மரைக்கு 207 மி.மீ. விட்டத்தில் 60 மி.மீ. பிடிப்பு என்றால் 19,500 சதுர மி.மீ. 785 கிலோநியூட்டனுக்கு ஒரு சதுர மி.மீ.க்கு 40 நியூட்டன் வருகிறது. இனி வரும் நியூட்டன் எல்லாம் ஒரு சதுர மி.மீ.க்குத்தான். எஸ்.டி. 52 இந்தத் தடிமனில் இழுவையில் 345 நியூட்டன் வரை நெகிழாமல் (நிரந்தரமாக உருமாறாமல்) நிற்கும், வெட்டுக்குச் சுமார் 200. ஐந்து மடங்கு கையிருப்பு.

புது மரைக்குப் பரப்பு 20,600 சதுர மி.மீ. பிட்ச் இரட்டிப்பானதால் பரப்பு ஏறவில்லை, விட்டம் கூடியதால் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். பல் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு தடிமன், ஆனால் 60 மி.மீ.க்குள் 20 பல் இருந்த இடத்தில் 10 பல்தான். தடிமனும் எண்ணிக்கையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. பல் வெட்டுப்படாமல் இருக்க உதவுவது விட்டமும் பிடிப்பு நீளமும்தான்.

அடுத்தது சுவர். பழைய மரையின் அடி விட்டம் 210. அங்கே மிச்சச் சுவர் 17.5 மி.மீ., குறுக்குப் பரப்பு 12,507 சதுர மி.மீ., இழுவை 63 நியூட்டன். புது மரையின் அடி விட்டம் 225. மிச்சம் 10 மி.மீ., அண்டர்கட்டில் இன்னும் அரை மி.மீ. குறைந்து 9.5. பட்டறை அளவில் மூன்று நூல். மரை அடியில் குறுக்குப் பரப்பு 7,383 ஆகக் குறைந்தது. 15 மி.மீ. மரை விட்டத்தைக் கூட்டியதில் சுமை தாங்கும் எஃகில் ஐந்தில் இரண்டு பங்கு சுருளாக விழுந்துவிட்டது.

இதோடு நின்றிருந்தாலும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். ஓ-ரிங்கை வாய்க்கு மாற்றியதுதான் பெரிய தவறு. அதனால் மூன்று கேடு ஒன்றாக வந்தது.

ஒன்று, எண்ணெய் இப்போது மரைக்குள் நுழைந்து 225 மி.மீ. வட்டம் முழுவதையும் தள்ளுகிறது. மூடியின் மேல் 80 டன்னாக இருந்த சுமை 101 டன் ஆனது. பிரஸ் அமுக்குவது அதே 80 டன்தான், கட்டிக்கு ஒரு கிராம் பலன் இல்லை. மெலிந்த சுவரில் இழுவை 63 நியூட்டனிலிருந்து 135 நியூட்டனுக்குப் போனது.

இரண்டு, மெலிந்த சுவர் உள்ளழுத்தத்தையும் தாங்க வேண்டியதாயிற்று. தடித்த குழாயின் சுவரில் சுற்றுவாக்கில் வரும் இழுவைக்கு லாமே சூத்திரம்: வெளி ஆர வர்க்கத்தையும் உள் ஆர வர்க்கத்தையும் கூட்டி, அவற்றின் வித்தியாசத்தால் வகுத்து, அழுத்தத்தால் பெருக்க வேண்டும். கெடாத 22.5 மி.மீ. சுவரில் விடை 125 நியூட்டன். 345-க்கு எதிரே 2.8 மடங்கு கையிருப்பு. 10 மி.மீ. சுவரில் விடை 294. கையிருப்பு 1.17 மடங்குதான்.

மூன்று, இந்த விரிவால் குழாயின் வாய் விட்டத்தில் கால் மில்லிமீட்டர் அளவுக்குத் திறந்து மூடியது. ஓ-ரிங் அந்த இடுக்கில் நுழைந்து நைந்துபோகும். ரிப்பேர் முடிந்த மூன்றாம் வாரமே மூடி ஓரத்தில் எண்ணெய் கசிந்ததற்குக் காரணம் இதுதான். களத்தில் அதற்குச் செய்த வைத்தியம் மூடியை இன்னும் இறுக்கியது.

60 டிகிரி மரையின் சரிவு வேறு இருக்கிறது. பல்லின் பக்கம் 30 டிகிரி சாய்ந்திருப்பதால், மூடி வெளியே போகப் போக ஆப்பு மாதிரி குழாயை விரிக்கும். உராய்வு கொஞ்சம் பிடித்துக்கொண்டாலும், நேர்ச் சுமையில் பத்தில் நாலு பங்கு வெளிப்பக்கம் திரும்பும். தடித்த சுவருக்கு இது தூசு. 10 மி.மீ. சுவருக்கு அப்படி இல்லை.

பிறகு, சுமை எல்லாப் பல்லுக்கும் சமமாகப் பிரிவதே இல்லை. குழாய் நீள்கிறது, மூடி நசுங்குகிறது. அதனால் உட்பக்கக் கடைசிப் பல்லே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஏற்கும். மரை அடியிலோ கூர் மூலையிலோ இழுவை மூன்று நான்கு மடங்கு குவியும். 135-ஐ மூன்றால் பெருக்கினாலே 405. பொருளின் நெகிழ்வு எல்லை 345. ஒவ்வொரு கட்டிக்கும் அந்த மூலை நெகிழ்ந்து திரும்பியது.

கடைசிக் கோளாறு ரிலீஃப் வால்வில் (அழுத்தம் எல்லையைத் தாண்டினால் திறந்து எண்ணெயை விடும் வால்வு) கிடைத்தது. அளவுமானி வைத்துப் பார்த்தபோது 285 பாரில் திறந்தது. சித்திரை வெயிலில் பித் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் கட்டி இறுகாது, பெட்டியை விட்டு வந்ததும் உப்பி ஓரம் உதிரும். ஆபரேட்டர் ஸ்க்ரூவைக் கால் திருகு கொடுப்பார், கட்டி நிற்கும். 285 பாரில் லாமே கணக்கு மரை அடியில் 335, அண்டர்கட்டில் 350-ஐத் தாண்டுகிறது. சிலிண்டர் நல்ல நிலையில் இருந்திருந்தால் இந்த 35 பார் கூடுதலை அது பொறுத்திருக்கும்.

அன்றைக்கு எதைச் செய்திருக்க வேண்டும்

மூன்று சுற்று மரைதான் கெட்டது, அதுவும் வாய்ப்பக்கம், சுமை மிகக் குறைந்த இடம். அதைக் கடைந்து எறிந்துவிட்டு மீதி 17 சுற்றைச் சுத்தம் செய்து மூடியைத் திரும்ப ஏற்றியிருக்கலாம். பிடிப்பு 51 மி.மீ. ஆகும், பல்லில் 47 நியூட்டன். அப்போதும் நாலு மடங்கு கையிருப்பு. போரின் கீறலுக்கு மூக்கை 20 மி.மீ. நீட்டி, கீறல் இல்லாத இடத்தில் ஓ-ரிங்கை உட்காரவைத்தால் போதும். பிஸ்டன் அந்த 20 மி.மீ. குறைவாகப் பின்வாங்கும், கட்டியின் உயரம் அதனால் மாறாது. அரை நாள் லேத் வேலை.

புதுக் குழாய்

மெலிந்த குழாயை வெல்டு வைத்து நிரப்புவது பற்றிப் பேச்சு வந்தது, வேண்டாம் என்று தடுத்தோம். விரிசல் தொடங்கிய எஃகின் மேல் வெல்டு ஏற்றினால், அதன் வெப்பம் பட்ட பட்டையில் அடுத்த விரிசல் பிறக்கும். மரையை வெளிப்பக்கம் கொடுக்கலாமா, வெளிவிட்டத்தை 260 ஆக்கலாமா என்றும் பார்த்தோம். 260 என்றால் மரை அடியில் 25 மி.மீ. சுவர் கிடைக்கும், இழுவை 43 நியூட்டனுக்கு இறங்கும். புது பிரஸ் போடுபவர்கள் இந்த அளவுக்கே போவது நல்லது என்பது எங்கள் கருத்து. இங்கே மேல் பலகையின் துளை 246 மி.மீ. பலகையைக் கழற்றிப் போரிங் மெஷினுக்கு ஏற்றும் செலவு, குழாய் விலையைத் தாண்டியது. பழைய அளவுகளிலேயே, பழுதான நுணுக்கங்களை மட்டும் திருத்திச் செய்தோம்.

வரிசை இது. முன் ஃபிளேஞ்சை முதலில் வெல்டு செய்ய வேண்டும். குழாயை 100 முதல் 150 டிகிரி வரை சூடாக்கி, அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் காயவைத்த 7018 எலக்ட்ரோடில் வைத்து, பிறகு 600 டிகிரி வாக்கில் சூடாக்கி ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (வெல்டில் தேங்கிய இறுக்கத்தைத் தளர்த்துவது). அதன் பிறகே போரிங், ஹோனிங். ஹோனிங் முடித்த குழாயில் ஃபிளேஞ்ச் வெல்டு செய்தால் போர் முட்டை வடிவமாகிவிடும், சீல் நிற்காது. மரையைப் போர் கடைந்த அதே செட்டிங்கில், ஸ்டெடி (குழாயைத் தாங்கும் லேத் தாங்கி) மாட்டியபடி வெட்ட வேண்டும். குழாயைத் திருப்பிப் பிடித்து வெட்டினால் மரையின் மையம் போரின் மையத்தை விட்டு விலகும், சுவர் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலியும். நாலு இடத்தில் சுவரை அளந்து, வித்தியாசம் 0.2 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பார்த்தோம்.

எம் 210 × 3, பிடிப்பு 60. அண்டர்கட் அகலம் 8 மி.மீ., விட்டம் 210.5, இரண்டு மூலையிலும் 2 மி.மீ. ஆர வளைவு. வளைவுக்கென்று டூலைத் தனியாகத் தீட்டி, கடைசிப் பாஸை மெல்ல எடுத்து, எமரி ஷீட்டில் சுற்றுக்கோடு தெரியாத அளவுக்கு மழுமழுப்பாக்கினோம். எண்ணிப் பார்த்தால் சிலிண்டரின் ஆயுளுக்கு இந்த ஒரு மூலையைவிட மலிவான காப்பு வேறில்லை.

மூடியில் மூக்கு திரும்ப வந்தது: ஓ-ரிங், அதன் மரைப் பக்கம் பேக்கப் ரிங். கூடவே ஒரு புதுத் துளை. மூடியின் வெளி முகத்திலிருந்து 4 மி.மீ. துளை போட்டு, ஓ-ரிங்குக்கும் மரைக்கும் நடுவில் திறக்கவிட்டோம். ஓ-ரிங் போனால் எண்ணெய் அந்தத் துளையில் வெளியே சொட்டும், மரைக்குள் அழுத்தமாகத் தங்காது. துளை மூடியில்தான் இருக்க வேண்டும். குழாய்ச் சுவரில் போட்டால் அதுவே அடுத்த விரிசலுக்கு வாசல். சொட்டுகிறதே என்று போல்ட் போட்டு அடைக்கக் கூடாது என்பதை மூடியிலேயே பஞ்ச் அடித்து எழுதியிருக்கிறது.

மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் காப்பர் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவி, கையால் கடைசிவரை ஏறுகிறதா என்று பார்த்து, பிறகுதான் ஸ்பானர். கையால் ஏறாத மரையைச் சுத்தியல் ஏற்றக் கூடாது.

சோதனை

காற்றை முழுதாக வெளியேற்றி, எண்ணெயால் 375 பார், பத்து நிமிடம். காற்றில் சோதிக்கவே கூடாது. அமுங்கிய எண்ணெயில் தேங்கும் சக்தி சொற்பம், காற்றில் தேங்குவது வெடிகுண்டு. மூடிக்கு நேரே யாரும் நிற்கவில்லை.

குழாயின் நடுவில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால், 250 பாரில் வெளிவிட்டம் 0.10 மி.மீ. கூட வேண்டும், 375-இல் 0.15. கணக்கு சொன்னதும் அளவு சொன்னதும் ஒத்துப்போயின. இறக்கிய பிறகு விட்டம் பழைய அளவுக்கே திரும்பியது. நூறில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மிச்சம் நின்றால் எங்கோ எஃகு நெகிழ்ந்திருக்கிறது என்று பொருள், அந்தக் குழாயைப் பிரஸில் ஏற்றக் கூடாது. பிறகு மூடியைக் கழற்றி, அண்டர்கட்டில் சிவப்புச் சாயம் தடவி விரிசல் பார்த்தோம். சுத்தமாக இருந்தது.

ரிலீஃப் வால்வ் 230 பாரில் வைத்து ஈயமுத்திரை போட்டாயிற்று. 74 டன் கிடைக்கிறது. கட்டி நிற்பதற்கு ஸ்க்ரூவைத் தொடாமல் பித்தின் ஈரத்தைப் பார்க்கிறார்கள். மிகக் காய்ந்த குவியலில் அமுக்குவதற்கு முன்னால் லேசாகத் தண்ணீர் தெளித்துப் புரட்டுகிறார்கள்.

மூடியின் விளிம்பிலிருந்து குழாய்க்குக் குறுக்கே ஒரு வெள்ளை பெயிண்ட் கோடு இருக்கிறது. கோடு முறிந்து விலகியிருந்தால் மூடி திரும்பியிருக்கிறது. வாரம் ஒருமுறை கோட்டையும், மாதம் ஒருமுறை அந்த 4 மி.மீ. துளையையும் பார்க்கிறார்கள். ஒன்றரை லட்சம் கட்டிக்கு ஒருமுறை, அதாவது சுமார் பத்து மாதத்துக்கு ஒருமுறை, மூடியைக் கழற்றி அண்டர்கட்டில் சாயம் தடவிப் பார்க்க வேண்டும். அன்றைக்கே ஓ-ரிங்கும் மாறும், மரைக்குப் புதுப் பேஸ்டும் ஏறும்.